பவுத்திரம் ஆபரேஷன்: கட்டி வந்த நாள்லேர்ந்து புண்ணு ஆறுற வரைக்கும்

தண்டையார்பேட்டைலேர்ந்து மணலிக்கு டெய்லி பைக்குல போய்ட்டு வர்ற ஆளு நான். கன்டெய்னர் புக்கிங் ஆபீஸ்ல வேலை, காலைல 9 மணிக்கு சேர்ல குந்துனா எந்திரிக்க சாயங்காலம் ஆயிடும். ஒரு நாள் ஆசனவாய் பக்கத்துல மொச்சக்கொட்ட சைஸுல ஒரு கட்டி வந்துச்சு, சூட்டுக்கட்டின்னு வெளக்கெண்ண தடவிட்டு கம்முனு இருந்துட்டேன், மூணாவது நாள் டி.எச். ரோட்டுல ஷேர் ஆட்டோ ஒரு பள்ளத்துல எறங்குச்சு பாருங்க, உசுரு தொண்டைக்கு வந்துடுச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சது, ஒன்றரை வருஷம் இழுத்துச்சு. கட்டி உடைஞ்சு, காஞ்சு, திரும்ப வந்து, திரும்ப உடைஞ்சுன்னு நாலு ரவுண்டு. கடைசில ஆபரேஷன் பண்ணித்தான் சரியாச்சு. அந்த ஒன்றரை வருஷத்துல நான் பண்ணின தப்பையும் அப்பால கத்துக்கிட்டதையும் வரிசையா சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்த நம்ம ஆளுங்க யார்கிட்டயும் வாய் திறந்து கேக்க மாட்டாங்க, எனக்கு வந்தது என் மச்சானுக்கே எட்டு மாசம் கழிச்சுதான் தெரியும்.

மொதல்ல, இது மூலமா பவுத்திரமா

பின்பக்கம் எது வந்தாலும் நம்ம ஊர்ல பேரு மூலம்தான். ஆனா மூலம்னா ரத்தக்குழா வீங்குறது, பெரும்பாலும் வலி இல்லாம ரத்தம் போகும். வெடிப்புன்னா வெளிக்கி போறப்ப கண்ணாடி வெச்சு கீறின மாதிரி வலிக்கும். பவுத்திரம் வேற கேஸு. ஆசனவாய்க்கு பக்கத்துல தோல்ல ஒரு சின்ன ஓட்டை, அதுலேர்ந்து சீழோ ரத்தம் கலந்த தண்ணியோ கசிஞ்சு ஜட்டி நனையும், ஒரு வாட வரும், கொஞ்ச நாள் ஓட்டை மூடிக்கும், மூடினா உள்ள சீழ் கட்டி வலி, காய்ச்சல், அப்பால உடைஞ்சா நிம்மதி. இந்த சுத்து திரும்பத் திரும்ப வந்தா தொண்ணூறு பர்சன்ட் பவுத்திரம்தான்னு நெனச்சுக்கிட்டு டாக்டர பாக்க கெளம்பிடுங்க.

ஏன் வருதுன்னா, ஆசனவாய்க்குள்ள சுமார் ரெண்டு சென்டிமீட்டர் மேல சின்னச் சின்ன சுரப்பிங்க இருக்கு. அதுல ஒண்ணு அடைச்சு கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கும். அந்த சீழ் வெளிய வர வழி தேடி சதைக்குள்ள ஒரு சுரங்கம் மாதிரி போட்டு தோலுக்கு வந்து உடையும். ஆக ரெண்டு வாய், உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. நம்ம கண்ணுக்கு தெரியறது வெளி வாய் மட்டும்தான், வியாதி இருக்கறது உள் வாயில. நம்ம தெருவுல பாதாள சாக்கடை ஜாயின்ட் ஒழுகுது, மேல ரோட்டுல தண்ணி ஊறி வருது, அத ஜல்லி கொட்டி தார் போட்டு மூடுனா ரெண்டு மாசத்துல பக்கத்து வீட்டு வாசல்ல ஊறும் இல்ல? அதேதான். களிம்பு, மாத்திரை, வெளி ஓட்டைல ஊசி எல்லாமே தார் போடுற வேலை.

இத நான் காசு குடுத்து கத்துக்கிட்டேன். எலக்ட்ரிக் ட்ரெயின்லயும் பஸ் ஸ்டாண்டு பாத்ரூம் செவுத்துலயும் ஒட்டியிருப்பாங்களே, மூலம் பவுத்திரம் விரைவீக்கம் ஆபரேஷன் இல்லாம கேரண்டின்னு, அந்த மாதிரி ஒரு எடத்துக்கு போனேன். என்ன மருந்துன்னு சொல்லாமயே ஒரு ஊசி போட்டாங்க, ரெண்டு நாள் குப்புறப் படுத்தபடியே கெடந்தேன், ஓட்டை மூடிக்கிச்சு, நாப்பது நாள் கழிச்சு அதுக்கு ரெண்டு விரக்கட தள்ளி புதுசா ஒண்ணு. ஒரு ஓட்டை ரெண்டாச்சு, அவ்ளோதான் நடந்தது.

கட்டியா இருக்கறப்பவே போறது

வீங்கி செவந்து, குந்த முடியாம, காய்ச்சலும் இருந்தா அது சீழ்க்கட்டி, அதுக்கு நாளைக்குன்னு தள்ளாதீங்க. ஆன்டிபயாடிக் மட்டும் போட்டா அடங்கற மாதிரி காட்டும், ஆனா சீழ கீறி வெளிய எடுத்தாத்தான் தீரும். சுகர் இருக்கறவங்களுக்கு இது வேகமா பரவி உயிருக்கே ஆபத்தாவும், அவங்க ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு போகணும். கீறி எடுத்த எல்லாருக்கும் பவுத்திரம் வராது, மூணுல ஒருத்தர்லேர்ந்து ரெண்டுல ஒருத்தர் வரைக்கும் வரும். கட்டி ஆறி ரெண்டு மூணு மாசம் ஆகியும் அதே எடத்துல ஈரம் இருந்தா நீங்க அந்த லிஸ்ட்டுல இருக்கீங்க.

யார்கிட்ட காட்டுறது

ஜெனரல் சர்ஜன் பாப்பாரு, சிக்கலான கேஸா இருந்தா குடல் ஆபரேஷன் பண்றவங்க, அதாவது கொலோரெக்டல் சர்ஜனோ சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ டாக்டரோ பாக்கறது நல்லது. நம்ம பக்கத்துக்கு பழைய ஜெயில் ரோட்டுல ஸ்டான்லி இருக்கு, சென்ட்ரல் எதுர்ல ராஜீவ்காந்தி ஜி.எச். இருக்கு, ரெண்டுலயும் சர்ஜரி ஓ.பி.ல சீட்டு போட்டு காட்டலாம். ஓ.பி. காலைலதான், அதனால பால் வாங்கற நேரத்துல கெளம்புங்க.

டாக்டர் என்ன பண்ணுவாரு? இடது பக்கம் திரும்பி, முழங்கால வயித்துக்கிட்ட மடக்கி படுக்க சொல்வாரு. கையுறை போட்டு ஜெல்லி தடவி விரல் விட்டு பாப்பாரு, தோலுக்கு அடில கயிறு மாதிரி ஒரு தடிப்பு கைக்கு தட்டுப்படும், அதுதான் சுரங்கம். அப்பால ஒரு சின்ன ட்யூப் விட்டு உள்ள பாப்பாரு. மொத்தம் ரெண்டு நிமிஷம். எனக்கு வெக்கத்துல காது சூடாயிடுச்சு, டாக்டர் அதுக்குள்ள கைய கழுவிக்கிட்டு அடுத்த டோக்கன கூப்ட்டாரு, அவருக்கு இது தெனம் இருபது தடவ பாக்கற சமாச்சாரம். பொம்பளைங்க லேடி டாக்டரோ கூட ஒரு நர்ஸோ வேணும்னு தாராளமா கேக்கலாம். பலவந்தமா கம்பி விட்டு வழி தேடுனா மட்டும் வேணாம்னு சொல்லுங்க, மயக்கம் குடுக்காம அப்படி தேடுறது வலிக்கும், புதுசா ஒரு பொய் வழியும் உண்டாகலாம்.

சொல்ல வேண்டியத மறைக்காதீங்க: சுகர், ஏற்கனவே டி.பி. வந்தது இல்ல வீட்டுல யாருக்காச்சும் இருந்தது, மாசக்கணக்கா பேதி, காரணமே இல்லாம எடை எறங்குறது, முன்ன பண்ணின ஆபரேஷன், பிரசவத்துல கீழ கிழிஞ்சு தையல் போட்டது. இதுல ஒவ்வொண்ணும் ஆபரேஷன் வகையவே மாத்தும். டி.பி.யாலயும் பவுத்திரம் வரும், க்ரோன்ஸ்னு ஒரு குடல் வியாதியாலயும் வரும், அந்த ரெண்டுலயும் சும்மா அறுத்து உட்டா ஆறவே ஆறாது.

எம்ஆர்ஐ எதுக்கு

சின்னதா மேலாப்புல ஓடுற வழியா இருந்தா கையால பாத்தே முடிவு பண்ணிடலாம். ஆனா ரெண்டாவது தடவ வந்தது, ரெண்டு ஓட்டை இருக்கறது, ஆழமா போறதுன்னா எம்ஆர்ஐ ஃபிஸ்டுலோகிராம் எடுக்கறது ரொம்ப முக்கியம். எனக்கு அது எடுத்தப்பதான் ரெண்டு ஓட்டையும் உள்ள ஒரே வாயில போய் சேருதுன்னு தெரிஞ்சுது. வலிக்காது, அரைமணி நேரம் டமடமன்னு சத்தம் கேட்டுக்கிட்டு ஆடாம படுக்கணும், அவ்ளோதான். ஒடம்புல பேஸ்மேக்கரோ உலோகத் தகடோ இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

ரிப்போர்ட்டுல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த வழி தசைய எவ்ளோ தாண்டி போவுதுங்கறது. ஆசனவாய சுத்தி மோதிரம் மாதிரி ரெண்டு தசை இருக்கு. உள் தசை தானா வேலை செய்யும், வெளி தசைய நாமளே இறுக்கி வெளிக்கிய அடக்குறோம். சுரங்கம் ரெண்டுக்கும் நடுவுல மட்டும் ஓடலாம், வெளி தசையவும் துளைச்சுக்கிட்டு போவலாம், இல்ல தசைக்கு மேலயே ஏறி சுத்தி எறங்கலாம். லண்டன்ல பார்க்ஸ்னு ஒரு சர்ஜன் 1976ல இத நாலு வகையா பிரிச்சாரு, இன்னிக்கும் அந்தப் பேருதான் ரிப்போர்ட்டுல வரும், நடுவுல மட்டும் ஓடுனா இன்டர்ஸ்ஃபிங்டெரிக், வெளி தசைய துளைச்சா ட்ரான்ஸ்ஸ்ஃபிங்டெரிக்னு. தசை எவ்ளோ மாட்டுதோ அவ்ளோ ஜாக்கிரதையா ஆபரேஷன் பண்ணணும், ஏன்னா தசைய அதிகமா வெட்டிட்டா பவுத்திரம் போயிடும், ஆனா அடக்குற சக்தியும் கூடவே போயிடும்.

எந்த ஆபரேஷன்

இங்கதான் எல்லாரும் கொழம்புறாங்க, நானும் கொழம்புனேன், அதனால நிதானமா சொல்றேன்.

வழி கீழாப்புல, வெளி தசைல மூணுல ஒரு பங்குக்குள்ள இருந்துச்சுன்னா சுரங்கத்தோட கூரைய நீளத்துக்கு திறந்து உட்டுடுவாங்க, பேரு ஃபிஸ்டுலாடமி. சுரங்கம் போய் வாய்க்கா ஆயிடும், அது அடிலேர்ந்து மெதுவா தூந்து வரும். பழைய முறைதான், ஆனா சரியான ஆளுக்கு பண்ணினா நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல தீந்துடும். எனக்கு பண்ணினது இதுதான். அதே கேஸ்ல வழியையே முழுசா வெட்டி எடுத்தா ஃபிஸ்டுலெக்டமி, புண்ணு கொஞ்சம் பெருசா இருக்கும், ஆற நாள் கூட ஆவும். பொம்பளைங்களுக்கு முன்பக்கமா ஓட்டை இருந்தா அங்க தசை ரொம்ப சன்னம், சின்ன வழியா இருந்தாலும் திறக்கறதுக்கு சர்ஜன் தயங்குவாரு, அந்த தயக்கம் உங்க நல்லதுக்குத்தான்.

ஆழமா போனா நூல். என் சகலைக்கு அதான் பண்ணாங்க. சுரங்கம் வழியா ஒரு நூலோ மெல்லிசான ரப்பர் வளையமோ கோத்து வெளிய முடிச்சு போட்டு உட்டுடுவாங்க, செட்டான்னு பேரு. அது பாட்டுக்கு தொங்கும். சீழ் உள்ள தேங்காம வடிஞ்சுக்கிட்டே இருக்கணும், அதுக்குத்தான். ரெண்டு மூணு மாசம் அதோடவே வேலைக்கு போகலாம், மொத ஒரு வாரம்தான் பேஜாரு. சகலை ஆரம்பத்துல அத பாத்துட்டு, "இன்னா சகல, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்தின மாதிரி எனக்கு பின்னாடி குத்தி உட்டாங்களே"ன்னு பொலம்புனாரு, அப்பால பழகிட்டாரு. உள்ள சீழெல்லாம் அடங்கின பின்னாடி ரெண்டாவது ஆபரேஷன். அவருக்கு லிஃப்ட்னு ஒரு முறை, 2007ல தாய்லாந்து டாக்டருங்க வெளியிட்டது, ரெண்டு தசைக்கும் நடுவுல பூந்து சுரங்கத்த கட்டி அறுத்து உட்டுடறாங்க, தசைய வெட்டறதே இல்ல. அடக்குற சக்தி பத்திரமா இருக்கும், ஆனா பத்து பேர்ல ஆறு ஏழு பேருக்குத்தான் மொத தடவையே சரியாவுது. உள் வாய பக்கத்து சதைய இழுத்து மூடுற ஃப்ளாப் முறையும் இருக்கு.

அப்புறம் லேசர். "ஒரே நாள், வலி இல்ல, தையல் இல்ல, திரும்ப வராது"ன்னு போன்ல விளம்பரம் ஓடிக்கிட்டே இருக்கு. லேசர் பொய்னு சொல்லல. சுரங்கத்துக்குள்ள ஃபைபர் விட்டு சுட்டுக்கிட்டே வெளிய வருவாங்க, புண்ணு சின்னது, தசைக்கு சேதம் இல்ல, வலி கம்மி. ஆனா தீர்ற கணக்கு நூத்துக்கு 60, 65 கிட்டதான் வருது. திரும்ப வராதுன்னு எவன் எழுதிக் குடுத்தாலும் அந்த எடத்த உட்டு எந்திரிச்சு வந்துடுங்க.

கார நூல் பத்தியும் கேப்பீங்க. சித்தாவுலயும் ஆயுர்வேதத்துலயும் இருக்கற முறை, நாயுருவி உப்பு, கள்ளிப்பால், மஞ்சள் எல்லாம் நூல்ல திரும்பத் திரும்ப தடவி காய வெச்சு, அத சுரங்கத்துல கோத்து வாரா வாரம் மாத்துவாங்க, கொஞ்சங் கொஞ்சமா அறுத்துக்கிட்டே பின்னாடி ஆறிக்கிட்டே வரும். இது செவுத்து நோட்டீஸ் வைத்தியம் இல்ல. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், பல ஆஸ்பத்திரில வெச்சு ஆபரேஷனோட ஒப்பிட்டு 1991ல வெளியிட்டாங்க: நூல்ல ஆற 8 வாரம், ஆபரேஷன்ல 4 வாரம், ஆனா திரும்ப வந்தது நூல்ல நூத்துக்கு 4, ஆபரேஷன்ல 11. தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவமனைல பண்றாங்க. போறதுன்னா படிச்ச டாக்டர் இருக்கற அந்த மாதிரி எடத்துக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டோட போங்க.

சர்ஜன்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. என் வழி தசைல எவ்ளோ போவுது, நீங்க பண்ணப்போறதுல திரும்ப வர சான்ஸ் எவ்ளோ, வெளிக்கியோ காத்தோ அடக்க முடியாம போக சான்ஸ் எவ்ளோ. கோவப்படாம நேரா பதில் சொல்றவர்கிட்ட பண்ணிக்கோங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி

சுகர் இருந்தா மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்து கொறைச்சுட்டு போங்க, சுகர் ஏறி இருந்தா எந்தப் புண்ணும் ஆறாது. பீடி சிகரெட்ட நிறுத்துங்க, ரத்த ஓட்டம் கொறைஞ்சு ஃப்ளாப் எல்லாம் பிச்சுக்கும். ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடறவங்க அத டாக்டர்கிட்ட சொல்லணும், நீங்களா நிறுத்தக்கூடாது.

காசு விஷயம். கவர்மென்ட்ல ஆபரேஷனுக்கு செலவு இல்ல. பிரைவேட்ல முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல பண்ணலாம்னு நெனச்சா, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆனா உங்க ஆபரேஷன் அந்த பேக்கேஜ்ல இருக்கா, அந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்டுல இருக்கான்னு காப்பீட்டு கவுன்டர்ல அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, படுத்த பின்னாடி கேட்டு பிரயோசனம் இல்ல.

வீட்டுல வாங்கி வெக்க வேண்டியது: குந்தற அளவுக்கு அகலமான ஒரு பிளாஸ்டிக் டப்பு, காஸ் பண்டில், பெரிய சைஸ் நாப்கின் ரெண்டு பாக்கெட்டு, மலம் இளக்கற இசப்கோல் பொடி, நல்ல காட்டன் லுங்கி நாலு. நாப்கின் வாங்க வெக்கப்பட்டு பழைய பனியன் துணிய மடிச்சு வெச்சா அது புண்ணுல ஒட்டி, எடுக்கறப்ப தோலோட வரும். எம்சி ரோட்டுல நாப்பது ரூபா ஜாஸ்தி குடுத்து ஒரு நீல டப்பு வாங்கினேன், ரெண்டு மாசத்துக்கு அதுதான் எனக்கு சிம்மாசனம். காமன் பாத்ரூம் இருக்கற லைன் வீடு, ஹவுசிங் போர்டுன்னா மொதல்லயே யோசிச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ இருவது நிமிஷம் தனியா எடம் வேணும். நாங்க சமையக்கட்டு ஓரமா சேலைய மறப்பா கட்டிக்கிட்டோம்.

ஆபரேஷன் அன்னிக்கு

மொத நாள் ராத்திரிக்கு மேல எதுவும் சாப்புட கூடாது, காலைல எனிமா குடுப்பாங்க. முதுகுல ஊசி போடுவாங்க, இடுப்புக்கு கீழ மரத்துடும், ஆள் முழிச்சுத்தான் இருப்பீங்க. கால ரெண்டையும் தூக்கி கட்டிடுவாங்க. சாதாரண கேஸ் அரைமணிலேர்ந்து ஒரு மணி நேரம். எடுத்த சதைய பயாப்சிக்கு, அதாவது லேப்ல வெச்சு டெஸ்ட் பண்ண, அனுப்பறாங்களான்னு கேட்டு வெச்சுக்கோங்க, இத கடைசில திரும்ப சொல்றேன்.

முதுகு ஊசி எறங்க நாலஞ்சு மணி நேரம் ஆவும். மொத தடவ தனியா எந்திரிக்காதீங்க, கால் தள்ளாடும். எனக்கு அப்ப பெருசா இருந்த பிரச்சனை வலி இல்ல, ஒண்ணுக்கு வரல. முட்டுது, வர மாட்டேங்குது. நர்ஸம்மா பைப்ப திறந்து உட்டு அந்த சத்தத்த கேளுங்கன்னாங்க, நம்பல, ஆனா வந்துடுச்சு. ஆறேழு மணி நேரம் ஆகியும் வரலன்னா சொல்லிடணும், ட்யூப் போட்டு எடுத்துடுவாங்க. அடுத்த ரெண்டு நாள்ல எந்திரிச்சு குந்துனா தலை பொளக்குது, படுத்தா சரியாவுதுன்னா அது முதுகு ஊசி தலைவலி, நெறைய தண்ணி குடிங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

மொத வெளிக்கி

எல்லாரும் பயப்படறது இதுக்குத்தான். ரெண்டாவது மூணாவது நாள் வரும். பயந்துக்கிட்டு சாப்புடாம இருந்தா வராதுன்னு நானும் கஞ்சியோட கெடந்தேன், அதுதான் பெரிய தப்பு, குடல்ல தண்ணியெல்லாம் உறிஞ்சி கல்லாயிடுச்சு. ட்ரமடால் மாதிரி கெட்டியான வலி மாத்திரையும் மலத்த இறுக்கும், அது குடுத்திருந்தா லாக்டுலோஸ் சிரப்ப மொத நாள்லேர்ந்தே குடிங்க.

வலி மாத்திரை போட்டு முக்கா மணி நேரம் கழிச்சு, அதுக்கு முன்ன பத்து நிமிஷம் வெந்நீர்ல குந்திட்டு, அப்பால போங்க. முக்காதீங்க, வாய திறந்து மூச்ச உடுங்க. இந்தியன் டாய்லெட்ல குந்தலாமான்னு கேப்பீங்க, குந்தறதால புண்ணு கிழிஞ்சுடாது, முக்கறதும் போனோட அரைமணி ஒக்காந்து இருக்கறதும்தான் கெடுதல். கால் நடுக்கம் இருந்தா மொத வாரம் வெஸ்டர்ன் வசதியா இருக்கும். உள்ள வெச்சிருந்த காஸ் பஞ்சு கூடவே வந்து விழும், ரத்தம் சொட்டும், டாய்லெட் செவசெவன்னு ஆகும். எங்க அம்மா வெளிய நின்னுக்கிட்டு, "டேய், உசுரோட கீறியாடா"ன்னாங்க. அஞ்சு நிமிஷம் எரிஞ்சுச்சு, டப்புல குந்தினதும் அடங்கிடுச்சு. ரெண்டாவது தடவ அதுல பாதிதான் வலி.

தெனப்படி புண்ணு வேலை

டாக்டர் பண்றது ஒரு மணி நேரம், நாம பண்றது ரெண்டு மாசம். இந்தப் புண்ணுக்கு தையல் போட மாட்டாங்க, வேணும்னுதான் திறந்து வெப்பாங்க, ஏன்னா அடில ஆறாம மேல மட்டும் மூடிக்கிட்டா உள்ள திரும்பவும் சுரங்கம். அதனால வெளில தோலு சீக்கிரம் சேர்றத பாத்து சந்தோஷப்படாதீங்க, அடிலேர்ந்து மேல வரணும்.

டப்புல வெதுவெதுன்னு தண்ணி, கொழந்தைய குளிப்பாட்ட பாக்கற மாதிரி முழங்கைய வெச்சு சூடு பாருங்க, பத்து பதினஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவ, வெளிக்கி போனா கட்டாயம் ஒரு தடவ. வெறுந்தண்ணியே போதும், டெட்டால் ஊத்தாதீங்க, எரிஞ்சு புண்ணு வெந்துடும். பெட்டடின் போட சொல்லியிருந்தா சொன்ன அளவு. மஞ்சத்தூள், கல்லுப்பு, பக்கத்து வீட்டு ஆயா குடுத்த பச்சிலை, எதுவும் வேணாம். அப்பால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. காஸ ஒரே மடிப்பா புண்ணோட அடிவரைக்கும் படற மாதிரி லேசா வைங்க, ரெண்டு ஓரமும் ஒட்டிக்காம இருந்தா போதும், பஞ்சு மெத்த மாதிரி அடைச்சா ஆறாது. மேல நாப்கின்.

தானா பாத்து பண்ண முடியாத எடம் இது. எங்க வீட்டுல அவங்கதான் செல்போன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு பண்ணாங்க. மொத நாள் மொகத்த திருப்பிக்கிட்டாங்க, பத்தாவது நாள், "ஏங்க, நேத்து ரெண்டு விரல் போற பள்ளம் இருந்துச்சு, இன்னிக்கு ஒண்ணரைதான்"னு அளவு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. தனி ஆளா இருந்தா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ போன்ல படம் எடுத்து பாருங்க, வாரா வாரம் டாக்டர்கிட்டயும் காட்டலாம். மாதுளம்பழ முத்து மாதிரி செவப்பா ஈரமா இருந்தா நல்ல சதை வளருது. மஞ்சளா லேசா கசியறது வாரக்கணக்கா இருக்கும், அது சீழ் இல்ல. சதை மேல பொங்கி வந்தா டாக்டர் மருந்து தொட்டு சுட்டு உடுவாரு. சுத்தி முடி வளந்து புண்ணுக்குள்ள மடியும், அத ஒட்ட வெட்டிக்கணும், இத யாரும் சொல்லவே மாட்டாங்க.

சாப்பாடு

கத்திரிக்கா சாப்புட்டா சீழ் பிடிக்கும், மீனு சேராது, முட்டை புண்ண கெளப்பும்னு பத்து பேரு சொல்வாங்க. காசிமேடு பக்கத்துல இருந்துக்கிட்டு ரெண்டு மாசம் மீனு இல்லாம இருக்க சொன்னா எப்படி? டாக்டர்கிட்ட கேட்டேன், புண்ணு ஆற புரதம் வேணும், தாராளமா சாப்புடுங்க, காரத்த மட்டும் கொறைங்கன்னாரு. சங்கராவும் நெத்திலியும் மெளகாத்தூள் கம்மியா போட்டு கொழம்பு, தெனம் ரெண்டு முட்டை. நார்ச்சத்துக்கு கீரை, வாழைத்தண்டு, கொய்யா, காலைல கேழ்வரகு கூழ். தண்ணி ரெண்டரை, மூணு லிட்டர். இசப்கோல் ராத்திரி ரெண்டு ஸ்பூன், கலக்கின ஒடனே குடிச்சுடணும், வெச்சா பசையாயிடும், தண்ணி இல்லாம போட்டா அதுவே அடைக்கும். பரோட்டா, அத்தோ, பேக்கரி ஐட்டம் எல்லாம் மைதா, கொஞ்ச நாள் தள்ளி வைங்க. மெட்ரோனிடசோல் மாத்திரை குடுத்திருந்தா அது முடிஞ்சு மூணு நாள் வரைக்கும் சரக்க தொடாதீங்க, வாந்தி பொரட்டி எடுக்கும்.

எப்ப வேலைக்கு போறது

மொத வாரம் வீட்டுக்குள்ள நடங்க, படுத்தே கெடக்காதீங்க. குந்தற வேலைன்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல போகலாம், ஆனா அரைமணிக்கு ஒரு தடவ எந்திரிக்கணும். மூட்ட தூக்கறவங்க, போட்டுல வலை இழுக்கறவங்க நாலுலேர்ந்து ஆறு வாரம் பொறுக்கணும். பைக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் மெட்ரோல நின்னுக்கிட்டே போனேன். கடல்ல எறங்கறது முழுசா ஆறின பின்னாடிதான். சாதாரண புண்ணு நாலுலேர்ந்து எட்டு வாரத்துல ஆறும், ஆழமானது மூணு மாசம் கூட ஆவும். ஆரம்பத்துல காத்து அடக்க முடியாம நழுவும், ஆபீஸ்ல தர்மசங்கடமாத்தான் இருக்கும், பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும், புண்ணு ஆறினதும் அந்த தசைய இறுக்கி உடற பயிற்சி கேட்டு பண்ணுங்க.

ஒடனே ஓட வேண்டியது எப்ப

அரைமணிக்குள்ள நாப்கின் நனையற அளவுக்கு ரத்தமோ கட்டி கட்டியா ரத்தமோ வந்தா, 101க்கு மேல காய்ச்சல் வந்தா, ஒண்ணுக்கு அடைச்சா, கொறைஞ்ச வலி திடீர்னு ஏறி பக்கத்துல வீங்குனா, நாத்தத்தோட கெட்டியா சீழ் வந்தா, மாசம் ஆகியும் வெளிக்கியே கட்டுப்பாடு இல்லாம வந்தா. ராத்திரியா இருந்தா 108.

மூணு மாசம் ஆகியும் ஒரு எடத்துல மட்டும் ஈரம் நிக்கலன்னா, சரியாயிடும் சரியாயிடும்னு காத்திருக்காம திரும்ப காட்டுங்க, வழில ஒரு கிளை உட்டுப்போயிருக்கலாம்.

பயாப்சி விஷயம் சொல்றேன்னு சொன்னேன்ல. தையல் பிரிக்கற வேலை இல்லாததால நம்ம ஆளுங்க வலி நின்னதும் ஆஸ்பத்திரி பக்கமே போறதில்ல, ரிப்போர்ட்டு அங்கயே தூங்கும். அதுல டி.பி.ன்னு வந்திருந்தா மாத்திரைய மாசக்கணக்கா, கொறைஞ்சது ஆறு மாசம், விடாம சாப்புடணும், கவர்மென்ட்ல ஃப்ரீயாவே தர்றாங்க, அத சாப்புடாம எத்தன ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வரும். எனக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. அந்தப் பேப்பர், எம்ஆர்ஐ ஃபிலிம், டிஸ்சார்ஜ் சீட்டு மூணையும் ஒரே கவர்ல போட்டு பீரோல புடவைக்கு அடில வெச்சிருக்கேன், நாளைக்கே திரும்ப ஒரு கட்டி வந்தாலும் டாக்டர் மொதல்ல கேக்கப்போறது அந்தக் கவரத்தான்.